காற்று ஓய்ந்த மாதங்களில்

ஐப்பசி பிறந்து சில நாட்கள் கழிந்தபின் மன்னார்த் தீவுக்குச் செல்பவர் எவரும் முதலில் உணர்வது ஒரு பெரும் மௌனத்தையே. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இராப்பகலாக இரைந்து, பனந்தலைகளை வடகிழக்கு நோக்கிச் சாய்த்து, மணலை வாரி வழிப்போக்கர் கண்களில் இறைத்துக்கொண்டிருந்த சோளகக் காற்று, சொல்லாமலே விடைபெற்றுவிடும். தென்கரையோரம் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகளின் நெடுங்கரங்கள், வேலையற்றவன் கைகளைப் போலச் சோர்ந்து நிற்கும். கடல் எண்ணெய் வார்த்தாற்போற் கிடக்கும். கழுதைகள் மட்டும் வழமைபோலத் தெருவின் நடுவே நின்று வாகனங்களுக்கு வழிவிட மறுக்கும்.

அத்தகைய ஒரு மாலையிலே, கடலில் ஆடவேண்டிய விளையாட்டு ஒன்றைக் கரையிலே சிலர் ஆடிக்கொண்டிருக்கக் கண்டால், வியப்புறாதார் யார்? ஒருவன் கையில் காற்றடைத்த பாய் ஒன்று; அவன் காலின்கீழ் நீருக்குப் பதிலாகச் சில்லுப் பலகை. இன்னொருவன் மணலில் விரித்த பாயின்மேல் முழந்தாளிடுவதும் எழுவதும் மீண்டும் முழந்தாளிடுவதுமாக இருக்கிறான். மாதா கோவில்கள் நிறைந்த கரையாதலின் பிரார்த்தனையோ என்று எண்ணிவிடக் கூடும். பிரார்த்தனை அன்று, பயிற்சி. காற்று இல்லாத காலத்தில், காற்று வரும் காலத்துக்காகச் செய்யும் பயிற்சி.

ஆங்கிலத்தார் 'விங் ஃபொயிலிங்' என்று வழங்கும் இவ்விளையாட்டுக்குத் தமிழிலே நிலைபெற்ற பெயர் இன்னும் வாய்க்கவில்லை. பட்டத்தைக் கயிற்றிற் கட்டி அதன் இழுவையில் நீர்மேற் சறுக்கும் பட்டச் சவாரியை மன்னார் மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றனர். கற்பிட்டியிலும் மன்னாரிலும், அக்கரையில் இராமேசுவரம், தூத்துக்குடி முதலிய இடங்களிலும் அது நன்கு வேரூன்றிவிட்டது. இது அதன் தம்பி. இங்கே கயிறுகள் இல்லை. காற்றடைத்த பாயை வீரன் தன் இரு கைகளாலும் நேரே பற்றுகிறான். ஆகவே அதனைக் கைப்பாய் என்போம். நிற்கும் பலகையின் அடியில் முக்கால் மீற்றருக்குச் சற்று ஏறக்குறைய நீளமுள்ள ஒரு தண்டு. அதன் அடிமுனையில் ஆகாயவிமானத்தின் இறக்கைகள் போன்ற இரு சிறகுகள், முன்னது பெரிது, பின்னது சிறிது. அவற்றை நீர்ச்சிறகு என்போம். வேகம் ஓரளவு வந்ததும் நீர்ச்சிறகு பலகையை முற்றாக நீருக்குமேல் உயர்த்திவிடுகிறது. அதன்பின் அலையோசையும் இல்லை. பலகை அறையும் ஓசையும் இல்லை. கடலைத் தொடாமலே கடல்மேற் செல்லும் அந்நிலையைத் தூரத்திலிருந்து காண்பவர்க்கு ஏதோ கண்கட்டு வித்தை போலவே தோன்றும்.

வித்தை ஒன்றுமில்லை, கணக்கே உண்டு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு செறிவானது. ஆதலால் விமானத்துக்கு வேண்டிய பேரிறக்கை நீரிலே வேண்டியதில்லை. 1,500 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒரு சிறகு, அஃதாவது விரித்த செய்தித்தாளின் ஒரு பக்கத்திலும் சிறியது, மணிக்கு 15 கிலோமீற்றர் அளவான வேகத்தில் ஆளும் பலகையுமாக 80 கிலோ எடையைத் தாங்க வல்லது. உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். இத்தத்துவம் புதியதும் அன்று. இத்தாலியரான என்றிக்கோ ஃபோர்லானினி 1906ஆம் ஆண்டிலேயே மஜோரே ஏரியில் நீர்ச்சிறகு பூட்டிய படகொன்றை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல்லும் அவருடைய துணைவர் போல்ட்வினும் கனடா நாட்டில் அமைத்த எச்.டி.4 என்னும் கலம் 1919இல் மணிக்கு 114 கிலோமீற்றர் வேகம் எய்தியது. நூறாண்டு கழித்து அது ஒரு பலகையின் அடியில் வந்து பொருந்தியது. கைப்பாய் கடைகளில் விலைக்கு வந்ததோ 2019ஆம் ஆண்டளவில்தான். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்க்கலப் போட்டிகள் மார்செய் துறைமுகத்தில் நிகழ்ந்தபோது, பத்துப் பந்தயங்களுள் ஐந்தில் கலங்கள் நீர்ச்சிறகு பூண்டிருந்தன. கைப்பாய் விளையாட்டு இன்னும் அவ்வரங்கில் ஏறவில்லை.

நிற்க. காற்று ஓயும் காலத்தைப் பற்றியல்லவா பேச வந்தோம்.

நமது வானிலை அவதான நிலையத்தார் ஆண்டை நான்கு பருவங்களாக வகுப்பர். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று. மார்கழி முதல் மாசி வரை வடகிழக்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் இடையே பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இரு இடைப்பருவங்கள். மன்னார்க் கடற்றொழிலாளர் இதனையே சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று திசையும் குணமும் சுட்டிச் சொல்வர். தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கையின் நடுமலைக்கும் இடையில் அகப்பட்ட கடற்பரப்பாதலின், சோளகம் மன்னார் வளைகுடாவினூடே நெருக்குண்டு வேகம் பெற்றுப் பாக்கு நீரிணைக்குள் நுழைகிறது. குறுகிய ஒழுங்கையில் நின்றால் வெட்டவெளியிலும் பார்க்கக் கூடுதலாகக் காற்று வீசுவதை நாம் அறிவோமன்றோ? 2020 மார்கழியிலே தம்பபவனி என்னும் பெயரால் 30 காற்றாலைகளை, 103.5 மெகாவாற்று வலுவில், தீவின் தென்கரையில் நிறுவியோர் கண்டதும் இந்த ஒழுங்கையைத்தான். பட்டச் சவாரிக்காரர் அதனை முன்னரே கண்டுகொண்டனர்.

இரு இடைப்பருவங்களும் ஒன்றுபோல்வன அல்ல. பங்குனி சித்திரையில் வெயில் தகிக்கும்; பிற்பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று மெல்ல எழும்; மாலையில் இரண்டு மணி நேரம் இளங்காற்று நிச்சயம். தரைப் பயிற்சிக்கு இதனினும் உகந்த காலம் இல்லை. ஐப்பசி கார்த்திகை வேறு. அப்பொழுது வங்கக் கடலிலே தாழமுக்கங்கள் உருவாகும். காலையில் கண்ணாடி போன்றிருந்த கடல் மாலையில் யாதாகும் என்று சொல்ல முடியாது. 1964ஆம் ஆண்டு மார்கழி 22, 23ஆந் திகதிகளில் தனுஷ்கோடியைப் புகையிரதத்தோடு விழுங்கிய சூறாவளியை இக்கரையின் முதியோர் மறந்திலர். ஆகவே இவ்விரு மாதங்களிலும் கரையில் நிற்பது சோம்பல் அன்று, விவேகம். நீர்ச்சிறகு பூண்டவனுக்குப் பட்டச் சவாரிக்காரனைவிடக் குறைந்த காற்றே போதும். 10, 12 நொட் காற்றிலும் கைதேர்ந்தவன் எழுந்துவிடுவான். எனவே அவனுடைய ஓய்வுக் காலமும் அந்த அளவுக்குக் குறுகியது. புதிதாய்ப் பழகுபவனுக்கோ 15 நொட்டாவது வேண்டும். அவனுக்கே தரைப் பயிற்சி மிக இன்றியமையாதது.

கைப்பாயைத் தரையிற் பழகுவதே முதற் பாடம். 8 நொட் காற்று இருந்தாற் போதும். தடையற்ற மணற்பரப்பு வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பாயின் முன்விளிம்பிலுள்ள பிடியை ஒரு கையால் மட்டும் பற்றினால், பாய் கொடி போலத் தானே மிதக்கும், இழுப்பே இராது. இதுவே பாயின் உறக்க நிலை. ஆபத்து வந்தால் திரும்பவேண்டிய இடமும் இதுதான். பின்கையால் நடுத்தண்டின் பிடியைப் பற்றி, கதவைச் சாத்துவது போல மெல்ல உள்ளே இழுத்தால் பாய் விழித்துக்கொள்ளும். இழுத்தால் வலிமை, விட்டால் தளர்ச்சி. எங்கள் வள்ளக்காரர் தாமான் கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் செய்யும் வேலையையே இங்கே பின்கை செய்கிறது. வள்ளத்திலே மரம் உண்டு, பருமல் உண்டு, ஆஞ்சான் உண்டு. இங்கே அவை அனைத்தும் மனித உடலே. பாய்மரமும் அவன், கயிறும் அவன், சுக்கானும் அவன்.

புதியவர் செய்யும் பிழைகள் இரண்டு. முழங்கையை மடக்கிப் பாயை மார்போடு அணைக்கப் பார்ப்பது ஒன்று. அப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்திற் கை சோர்ந்துவிடும். கையை நீட்டி, எலும்பில் தொங்கவேண்டுமே தவிரத் தசையில் தொங்கலாகாது. மற்றது, காலடியைப் பார்ப்பது. துவிச்சக்கரவண்டி பழகும் பிள்ளை முன்சில்லைப் பார்த்துக்கொண்டே வேலிக்குள் விழுவதை நினைத்துக்கொள்க. போகவேண்டிய இடத்தைப் பார்த்தாலன்றிப் பலகை அங்கே போகாது. திசை மாற்றும்போது பாயைத் தலைக்குமேல் கொணர்ந்து கைகளை மாற்றிப் பிடிக்கும் செயல் இருக்கிறதே, அது ஒரு நடன முத்திரை போன்றது. நூறு தடவை மணலிற் செய்தாலன்றி நீரில் ஒரு தடவை வாராது. நீரிலே இவ்வொரு பிழைக்கு ஒரு வீழ்ச்சி. வீழ்ந்து பலகையைத் தேடி ஏறிச் சமநிலை கொள்ளப் பல நிமிடங்கள். மணலிலோ பிழையைத் திருத்த மூன்று நொடி. தரைப் பயிற்சியின் பொருளாதாரம் முழுவதும் இந்தக் கணக்கிலே அடங்கும்.

அடுத்தது சமநிலை. இங்கே நாம் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும்; இவ்விளையாட்டின் உயிர்நிலை இதுவே. சிறகின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆனால் ஆளின் எடையோ மாறாதது. எனவே ஒரு வேகக்காற்று வந்து தள்ளியதும் பலகை மேலே மேலே எழ முயலும். எழுந்து, சிறகு நீரின் மேற்பரப்பைக் கிழித்து வெளிவந்தால் காற்றை உறிஞ்சித் தூக்குவிசையை ஒரு கணத்தில் இழந்துவிடும். ஆள் தலைகுப்புற வீழ்வான். அதனைத் தடுக்க முன்காலை அழுத்தவேண்டும். அழுத்தம் மிகுந்தால் பலகை நீரில் முட்டும், உடனே பின்கால். முன்கால், பின்கால், முன்கால் என்று கணந்தோறும் நடக்கும் இந்தத் திருத்தம் அறிவாலே செய்யக்கூடியதன்று. எண்ணிச் செய்வதற்கு நேரமில்லை. உள்ளங்கையில் நீண்ட குச்சியை நிறுத்தும் சிறுவன் கணக்குப் பார்த்தா கையை நகர்த்துகிறான்? பாதமே அறியவேண்டும்.

பாதத்துக்கு அந்த அறிவை ஊட்டுவதற்கு உருளைப் பலகை உதவும். கடைகளில் விலைகூடிய வகைகள் உண்டு. ஆனால் இரண்டரை அடி நீளமான தடித்த பலகையொன்றும், நீர்க்குழாய்த் துண்டொன்றும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். குழாய்க்குள் மணலை அடைத்து இரு வாய்களையும் மூடவேண்டும். பலகையின் அடியில், இரு நுனிகளிலும், குழாய் உருண்டு வெளியேறாதவாறு சட்டம் அறைதல் அவசியம். பலகையைக் குழாயின்மேற் குறுக்காக வைத்து, கால்களை அகல வைத்து நிற்கவேண்டும். இக்கட்டுரை எழுதுபவனும் அறுபது வயதைக் கடந்தபின் ஆசைப்பட்டு ஒருநாள் ஏறிப் பார்த்தான். பலகை கிழக்கே போயிற்று. அடியேன் மேற்கே போனேன். பேரப்பிள்ளைகளுக்கு அன்று முழுவதும் அதுவே பேச்சு. ஆனால் மூன்றாம் நாள் சுவரைத் தொட்டுக்கொண்டு பத்து நொடி நின்றேன். இளம் பாதங்கள் ஒரு கிழமையிலே பழகிவிடும். நின்றபின் கண்களை மூடி நிற்கலாம். பந்தை எறிந்து பிடிக்கலாம். கையிற் பாய் பிடித்தாற்போலக் கம்பொன்றைத் தலைக்குமேல் ஏந்தித் திருப்பலாம்.

இவ்விரண்டும் கைவந்தபின்னரே சில்லுப் பலகை. நீரின் தடை இல்லாமையால் தரையிலே மெல்லிய காற்றும் ஆளை ஓட்டிச் செல்லும். பாடசாலை முற்றத்துச் சீமெந்துத் தரை போதும். காற்றடைத்த பெருஞ்சில்லுகள் கொண்ட வகையானால் நீர் வற்றிய நேரத்தில் கடலோர ஈரமணலே சிறந்த சாலை. தலைக்கவசமும் முழங்கால் முழங்கைக் காப்பும் இன்றி ஏறுவது மடமை. கடல் மன்னிக்கும், சீமெந்து மன்னியாது. வண்டிகள் செல்லும் தெருவிலே இதனை ஒருபோதும் முயலலாகாது. முழந்தாளிட்டு எழும் பயிற்சியைத் தொடக்கத்திற் கண்டோம். பழகுபவன் பலகையில் முழந்தாளிட்டவாறே புறப்பட்டு, பாய் இழுக்கத் தொடங்கியதும் முன்காலை ஊன்றி, பிறகு பின்காலையும் ஊன்றி எழவேண்டும். எழும்போது கைகள் பாயைச் சரித்துவிடாமற் காத்தல் வேண்டும். கையும் காலும் வெவ்வேறு வேலை செய்யப் பழகும் இந்த அப்பியாசத்துக்கு ஒரு பாய்த்தடுக்கும் ஒரு முற்றமும் போதும்.

உடல் வலிமை பற்றி நூல்கள் பலவாறு கூறும். குந்தி எழுதல், ஒற்றைக்காலில் நிற்றல், கம்பியில் தொங்குதல், முதுகை உரமாக்குதல் ஆகியவை நல்லனவே. பாரமான இரும்புத் தூக்குதலில் மட்டும் எமக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. இவ்விளையாட்டு கேட்பது திரட்சியை அன்று. நெடுநேரம் சலியாத நடுவுடலையும், இளகிய கணுக்காலையும், விட்டுக்கொடாத விரல்களையும். இவை மூன்றையும் ஒருங்கே காண விரும்புவோர் கரைவலை இழுக்கும் இடத்துக்குச் செல்க. இப்பொழுது பல இடங்களில் இயந்திரம் இழுக்கிறது. ஆனால் கையால் இழுக்கும் இடங்களில், ஈரமணலிற் குதிகாலை ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகைச் சாய்த்து, கயிற்றின் இழுவைக்குத் தம் எடையையே எதிர்நிறுத்தி ஒருவர் பின் ஒருவராகப் பின்னோக்கி நடக்கும் அவர்தம் நிலையைப் பாருங்கள். கைப்பாயின் இழுவைக்கு எதிராக வீரன் சாயும் நிலையும் அதுவே. மேனாட்டுப் பயிற்சியாளர் படம் வரைந்து விளக்கும் உடல்நிலையை எங்கள் கரையார் தலைமுறை தலைமுறையாக அம்பாப் பாட்டோடு பழகி வந்திருக்கின்றனர். மன்னார்ப் பிள்ளைகள் இவ்விளையாட்டில் முன்னேறுவர் என்று நாம் நம்புவதற்கு முதற் காரணம் இது.

இனி, ஓய்ந்த மாதங்களில் கற்கவேண்டியவற்றுள் உடலைச் சாராத பகுதி ஒன்றுண்டு. அதனையே பலர் தவறவிடுகின்றனர். மன்னார்த் தீவு வடமேற்காக நீண்டு கிடப்பது. அதற்கு இரு கரைகள். சோளகம் வீசுங்கால் தென்கரையிற் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். வடகரையிலோ அதே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். வாடையில் இது தலைகீழாகும். கரையிலிருந்து புறப்படும் காற்று மரங்களின் மறைவில் மென்மையாகத் தோன்றும்; கடலும் அலையின்றி அழகாயிருக்கும். புதியவன் மயங்கி அங்கே இறங்கினால், அவன் பயிற்சி செய்வது திரும்பி வாராப் பயணத்துக்கே. பாக்கு நீரிணையின் நடுவே சர்வதேச எல்லை வேறு. எந்தத் திங்களில் எந்தக் கரை என்பது பேசாலை மீனவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனை அவனிடம் கேட்டறிய வெட்கப்படுபவன் நீரில் இறங்காதிருத்தல் நன்று.

ஆழம் பற்றிய அறிவும் அத்தகையதே. பட்டச் சவாரிக்கு இக்கரையின் ஆழமற்ற நீர் வரப்பிரசாதம்; விழுந்தால் எழுந்து நிற்கலாம். நீர்ச்சிறகுக்கோ அதுவே பகை. தண்டு முக்கால் மீற்றர், சிறகு அதன் அடியில். இடுப்பளவு நீரில் விரைந்து செல்பவன் ஒரு மணற்றிட்டைத் தட்டினால், பலகை அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் அப்பால் செல்வான். ஆதாம் பாலம் என்னும் மணற்றிடர்கள் ஆண்டுதோறும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப உரு மாறுபவை. சென்ற ஆண்டு ஆழமாயிருந்த வாய்க்கால் இவ்வாண்டு திட்டாயிருக்கும். கடல் அமைதியுற்ற இடைப்பருவமே அவற்றை நடந்து, நீந்தி, வள்ளத்திற் சென்று பார்த்து மனத்திற் படம் எழுதிக்கொள்ள ஏற்ற காலம். நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வையாது தேய்த்து நடக்கவேண்டும். மணலிற் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போக அது ஒன்றே வழி. வலை விரிக்கும் இடங்களையும் அப்பொழுதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நீர்ச்சிறகு ஒரு வலையை அறுத்தால் விளையாட்டுக்காரனுக்கு ஒரு மாலை கெடும். வலைக்காரனுக்கு ஒரு மாதம் கெடும். இவ்விரண்டும் சமமல்ல என்பதை உணராதவன் எத்துணை அழகாகப் பறந்தாலும் கரைக்கு வேண்டாதவனே.

பறப்பவை வேறும் உள. வடகிழக்குப் பருவத்தில் வங்காலைப் பகுதியின் உவர்நிலங்களுக்கு வடநாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. 2010இல் அந்தச் சரணாலயம் ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் அங்கே வந்து இறங்குவது இக்கரையின் பேரழகு. காய்ந்த உவர்த்தரை சில்லுப் பலகைக்கு வழுவழுப்பான தளம்தான். ஆயினும் பறவைகள் தங்கும் இடத்தில் பெரும் பாயொன்றை விரித்து ஓடினால் அவற்றுக்குப் பருந்து வந்ததாகவே தோன்றும். ஆதாம் பாலமும் 2015 முதல் கடற் பூங்கா. இவ்வரம்புகளைக் கரையிலிருக்கும்போதே கற்றுக்கொள்ளல் வேண்டும்.

கருவிகளைப் பேணுதலைச் சுருங்கச் சொல்லலாம். உப்பு இரக்கமற்றது. தண்டும் சிறகும் திருகாணிகளாற் பொருத்தப்பட்டவை. பருவம் முடிந்ததும் கழற்றி நன்னீரிற் கழுவிக் கொழுப்பிடாவிட்டால் அடுத்த பருவத்தில் அவை ஒன்றாகிவிடும். பாயைக் காற்றோடு வெயிலில் விடலாகாது. எலியும் அதற்குப் பகை.

எல்லாவற்றுக்கும் முந்தியது நீச்சல். இந்நீரிணையை நீந்திக் கடந்தோர் வரலாறு நமக்கு அயலானதன்று. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்தினார். 1966இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1971இல் வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் போய்த் திரும்பியே வந்தார். நாட்டின் வடபகுதிக் கடல் வீரத்துக்கு இவை சான்று. ஆனால் அதன்பின் வந்த நெடும் போர்க்காலத்தில் கடல் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. தீவை நிலத்தோடு இணைத்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டு 2010இலேயே மீண்டது. தலைமன்னாருக்குப் புகையிரதம் 2015இலேயே திரும்பியது. கண்முன்னே கடலிருந்தும் அதில் இறங்கி ஆட வாய்ப்பின்றி ஒரு தலைமுறை வளர்ந்தது. அதன் விளைவைப் பாடசாலைகளில் இன்றும் காணலாம். கரையூரிற் பிறந்தும் முறையாக நீந்தக் கல்லாத பிள்ளைகள் உளர். பெண்பிள்ளைகளிற் பெரும்பாலோர் அத்தகையோரே.

எனக்கு மனத்தாங்கல் உண்டாவது இங்கேதான். மன்னாரின் காற்றை மின்சாரமாக்கி எடுக்க வந்தனர். 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் தெருவில் அமர்ந்து போராடினர். அக்காற்றையே விளையாட்டாக்கி அனுபவிக்கத் தொலைதேசத்தார் வருகின்றனர். வரட்டும், வரவேற்போம். ஆனால் பட்டத்துக்குக் காற்றடிக்கவும், பாயைச் சுமக்கவும், பலகையைக் கழுவவும் மட்டுமா எங்கள் பிள்ளைகள்? கூலியும் தொழிலே, இழிவன்று. எனினும் கற்றுக்கொடுப்பவனாக நிற்கும் தகுதி அவனுக்கே முதலில் உரியது. பாரிஸுக்கு இலங்கை அனுப்பிய ஆறு வீரருள் பாய்க்கலம் ஏறியவர் ஒருவருமில்லை. அக்கரையிலோ சென்னை நேத்ரா குமணனும், வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக் பாய்க்கலப் போட்டியில் இரு தடவை களங்கண்டனர். தமிழருக்குப் பாயும் காற்றும் புதியனவல்ல என்று மேடைகளிற் பேசுகிறோம். பேசிவிட்டு, கரையில் நின்று பார்க்கிறோம்.

தடை செலவு என்பர். உண்மையே, புதிய கருவித் தொகுதி ஒன்றுக்குச் சில ஆயிரம் டொலர் வேண்டும். மீனவன் பிள்ளைக்கு அது கனவு. ஆனால் இதுகாறும் நாம் சொல்லி வந்த பயிற்சிகளுட் பெரும்பாலானவற்றுக்குக் கருவியே வேண்டியதில்லை. உருளைப் பலகை மரத்தச்சன் கொடுக்கும் துண்டுப் பலகையில் ஆகிவிடும். பழைய பாயொன்றைக் கடற்கரை விடுதிகளிற் கேட்டால் கிடைக்கும். கிழிசலை ஒட்டிக்கொண்டால் முப்பது பிள்ளைகள் முறைவைத்துப் பழக அது போதும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால், உதைபந்தாட்ட மைதானத்தின் ஒரு மூலையே களம். காற்றை அளந்து குறிக்கும் நாட்குறிப்பொன்றை விஞ்ஞான வகுப்பில் வைக்கலாம். பனையோலை சலசலத்தால் இவ்வளவு, தூசியும் காகிதமும் எழுந்தால் இவ்வளவு, கடலில் வெண்ணுரை பூத்தால் இவ்வளவு என்று மாணவர் தாமே எழுதி, தொலைபேசியில் வரும் முன்னறிவித்தலோடு ஒப்பிட்டுப் பார்ப்பராயின், மூன்று மாதத்தில் அவர்கள் கண் அளவுகோலாகிவிடும். இவையெல்லாம் பயின்று, நீச்சலும் கைவந்த பிள்ளைக்கு நீரில் இறங்கிய முதல் நாள் பிறர்க்கு ஐந்தாம் நாள் போன்றது. பயிற்சி நிலையங்கள் மணிக்கணக்கிற் பணம் பெறுவன என்பதை நினைத்தால், கரையிற் கழித்த மாலைகள் எத்துணைப் பணத்தை மிச்சப்படுத்துகின்றன என்பது விளங்கும்.

தரையிற் கற்றது மட்டும் ஒருவனைப் பறக்கவைக்கும் என்று யாரும் ஏமாறவேண்டா. நீரில் விழாமற் கற்றவன் உலகில் இல்லை. எப்படி விழுவது என்பதையும் மணலிலேயே பழகலாம்: தலைகீழாகப் பாயாது, கால்முதலாகச் சிறகின்மேற் குதியாது, பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு, தண்டுக்கு எதிர்ப்பக்கமாக, இலை விழுவது போலப் பரந்து விழவேண்டும். சிறுவர் இதனைப் பழகும்போது சிரிப்பொலியே மிகும். கூச்சம் நீங்க அது நல்ல வழி; குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு.

ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி நடு வரை எட்டு, ஒன்பது கிழமைகள். கிழமைக்கு மூன்று மாலைகள் எனினும் இருபத்தைந்து மாலைகள் தேறும். மழை சில மாலைகளைக் கவர்ந்துகொள்ளும். அந்நாட்களிற் கூடத்துக்குள் உருளைப் பலகை இருக்கிறது. எங்கள் வீட்டு விறாந்தையிலும் ஒன்று கிடக்கிறது. நேற்று மாலை பேர்த்தி அதன்மேல் நின்றவாறே கண்ணை மூடி எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தொன்று வரை கேட்டேன். அப்பொழுது படலை சற்றே அசைந்தது. வடக்கேயிருந்து ஒரு குளிர்ச்சி வந்தது. வாடை இன்னும் இல்லை. ஆனால் வரும் வழியில் இருக்கிறது.